பால் மறக்கடித்தல்

வேப்பெண்ணெய் வாசம்.

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் அந்தக் கூடத்தில் வார்னிஷ் நெடியைத் தவிர வேறெதுவும் மூக்குக்கு எட்டாது. சூப்பர்வைசர் ருக்மணிக்கு எட்டியது. கௌசல்யாவின் மேஜையைத் தாண்டும்போது.

ருக்மணி இரண்டு பெற்றவள். மார்பில் அதைத் தடவுவது எதற்கென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கௌசல்யா முழங்கைகளை விலக்கி வைத்துக்கொண்டு கம்பி சுற்றினாள். பால் கட்டியிருந்தது. லேசாக இடித்தாலும் உயிர் போகும்.

"பாப்பாவுக்குப் பால் மறக்கடிச்சுட்டனுங்கக்கா. ஒரு மாசம் சென்னையில இருக்கோணுமில்ல. நாத்தனா பாத்துக்கறேன்னுட்டாங்க."

சிரித்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

ருக்மணி பார்வையைக் கம்பிச் சுருளுக்கு மாற்றிக்கொண்டாள்.

கம்பி சுற்ற கம்ப்யூட்டர் மெஷின் வரப்போகிறது. ஆட்களுக்கு அதைக் கற்றுத்தர அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கிறது. முதலாளி வாங்கிவிட்டார். அந்தக் கடனில் இந்தக் கூடத்திலிருந்து ஒருத்தி சென்னைக்குப் போய்ப் படித்து வரலாம்.

படித்தவள் கையில்தான் மெஷின். மற்றவர்கள் பாடு திண்டாட்டம்.

யார் என்று இன்னும் அறிவிக்கவில்லை. கௌசல்யாதான் என்று கூடமே முடிவு கட்டிவிட்டது. அவளைப் போலச் சுற்ற இங்கே ஆளில்லை.

முதலாளியும் போன வாரம் அதைத்தான் கேட்டார். கௌசல்யாவை அனுப்பலாமா?

"கைக்குழந்தைக்காரிங்க. போகமாட்டா."

ருக்மணிதான் சொன்னாள். கௌசல்யாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப நீங்களே போயிட்டு வாங்கம்மா" என்றார் அவர்.

சரிங்க என்றுவிட்டாள்.

குழந்தையை நினைத்துத்தான் சொன்னேன் என்று அன்று வீடு போய்ச் சேரும்வரை தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பச்சைப் பொய். நேற்று வந்த பெண் படித்து வந்து தனக்கு மேலே உட்கார்ந்துவிடுவாளோ என்ற பயம். அவ்வளவுதான்.

வெட்கமாக இருந்தது.

முதலாளி அறையில்தான் இருந்தார். கண்ணாடி வழியே தெரிந்தார், யாருடனோ போனில் பேசிக்கொண்டு. போய் ஒரு வார்த்தை சொன்னால் இப்போதுகூட மாற்றிவிடுவார். கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார்.

கால் நகரவில்லை.

கௌசல்யாவின் ரவிக்கையில் ஈரம் பரவியது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அடுத்த கம்பியை எடுத்தாள்.

ருக்மணி குனிந்தாள். கௌசல்யாவின் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இன்னிக்கு ராத்திரி பாப்பாவுக்குக் குடுத்துரு, கண்ணு."

கௌசல்யா அதைப் பரிவு என்று எடுத்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

"இனிக் குடிக்கமாட்டாளுங்கக்கா. நேத்துல இருந்தே, நான் கிட்டப் போனா மொகத்தத் திருப்பிக்கறா."