கார்பரேட்டர் சரியான நாள்

ஓட்டுநர் இல்லாமல் ஓடும் தானோட்டிக் கார்களுக்கெல்லாம் அப்டேட் நடக்கும் மதியமாகப் பார்த்து ஹரிணிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் உட்பட ஊரில் எதுவும் நகராது. அப்டேட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம்.

மிதுன் மனைவியைத் தன் பழைய பெட்ரோல் காரில் உட்கார வைத்தான். வீட்டு ஷெட்டில் ஆறு வருடமாக அவன் கழற்றிக் கழற்றி மாட்டிய கார் அது. கார்பரேட்டர் சதி செய்யும். ஒருநாளும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓடியதில்லை. இன்று சாவியைத் திருப்பியதுமே பிடித்துக்கொண்டது.

"பாத்தியா, கிளம்பிருச்சு. பத்தே நிமிசம், பொறுத்துக்க."

கார் வந்தால் தானே திறக்கும் தெருமுனை கேட் திறக்கவில்லை. ஹாரன் அடித்தான். இறங்கிப் போய் உதைத்தான். இரும்பு அசையவில்லை.

"வாகனம் எதுவும் வரவில்லை," என்றது கேட். தனக்குச் சிக்னல் அனுப்பாத எதுவும் அதற்குக் கார் அல்ல. "பாதசாரிகள் இருவர் உள்ளீர்கள். நடைவழி திறக்கப்படுகிறது."

ஓரத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கதவு விலகியது.

"என்னங்க, முடியலைங்க," என்றாள் ஹரிணி.

அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியை நோக்கி ஓடினான். கேட்டுக்குப் பின்னால், அணைக்க மறந்த எஞ்சின் ஒரு தடவைகூட விக்காமல் சீராக உறுமிக்கொண்டிருந்தது.