கொடும்பாவிக்கு ஒப்பாரி

ஐப்பசி பாதி போயும் புதூர்ப் பக்கத்துக் கரிசலில் மழை இல்லை. இது மூன்றாவது வருடம். மழையை நம்பிப் புழுதியில் போட்ட சோளம் மண்ணுக்குள்ளேயே கிடந்தது. ஊர் கூடிக் கொடும்பாவி இழுத்தது. வைக்கோல் பொம்மையைத் தெருத்தெருவாக இழுத்து, செத்த வீடு மாதிரி மாரடித்து அழுது எரித்தால் மழை இறங்கும்.

அண்ணன் மனைவி சங்கரம்மாள் அழுத அழுகையில் பிரேமலதா அசந்துபோனாள்.

"மதினி, போன வருசம் ஒப்பாரியில சிரிச்சதே நீங்கதான். அண்ணன் கேரளாவுல கட்டட வேலை முடிச்சு வரட்டும், சினிமாவுல சேத்துவிடச் சொல்லுதேன்!"

"நீயும் சத்தமா அழுட்டி" என்றாள் சங்கரம்மாள், நிமிராமலே.

பொம்மை எரிந்து முடிந்ததும் எஸ்.டி.டி. பூத் ராஜமணி வந்து அவளருகே குனிந்தார்.

"தாயி, கொச்சியிலருந்து மறுபடி போன். உடம்ப வண்டியில ஏத்திட்டாவளாம். விடியக்காலம் வந்துரும்."

பிரேமலதா இடையில் புகுந்தாள். "யாரு உடம்பு, அண்ணாச்சி?"

"ஒங்கண்ணன்தாம்மா. சாரம் சரிஞ்சு விழுந்துட்டான். காலையிலயே தகவல் வந்துட்டு. சாயங்காலம் வரைக்கும் யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு இவதான் கையப் பிடிச்சுக் கெஞ்சுனா."

"மதினி! ஏன் மதினி?"

சங்கரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஊருல சாவுன்னா கொடும்பாவிய நிப்பாட்டிருவாவ, பிரேமா. இந்த வருசமும் மழை பெய்யலன்னா ஒன் வீட்டுக்காரரும்லா அங்கன போகணும்."