சகலை அடித்த மணி

வயதைப் பிறப்புச் சான்றிதழ் சொன்னதெல்லாம் பழைய கதை. நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கிற வேகத்தைப் பார்த்துத்தான் இப்போது அரசாங்கம் வயது போடுகிறது. அறுபதுக்குக் கீழே வந்தால் மறுபடியும் ஆபீஸ்.

"ஆடி அசைஞ்சு போங்க, போதும்" என்று சொல்லித்தான் கோமளவல்லி புருஷனை அந்தப் பந்தயத்துக்கு அனுப்பினாள். எழுபது வயது அமிர்தகடேசனும் குளத்தில் பிளாஸ்டிக் குடம் மாதிரி மிதந்துதான் கரையேறினார். ஆனால் சைக்கிளில் சகலை நாகலிங்கம் மணியடித்தபடி முந்தியதும் எல்லாம் மறந்துவிட்டது. அடுத்த வளைவிலேயே சகலை டீக்கடையில் ஒதுங்கியதைக் கவனிக்காமல், முன்னால் இல்லாதவரைக் கடைசிவரை துரத்தினார். முதல் பரிசு. வயது முப்பத்தெட்டு.

திங்கட்கிழமை, டிபன் பாக்ஸோடு பஸ்ஸைத் துரத்தியவரை அதே டீக்கடையிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"பஸ்ஸு போகுது சகலை. மணி அடிக்கட்டுமா?"