ஹேஸல் யாருக்கு?

"தொடாதே! கையை எடுடி!"

வெர்னா போட்ட சத்தத்தில் கோர்ட் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தவள் வெர்னா. நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டவள் மிஸ்டி, அந்தக் குழந்தையைப் பெற்றவள்.

"குழந்தை நல ஆபீசர் இல்லாத இடத்துல பெத்தவ தொடக் கூடாதுன்னு உத்தரவு. காது கேக்காதா? தலையாவது சீவினியா? கோர்ட்டுக்குப் போட்டுட்டு வர்ற சட்டையா இது?"

மிஸ்டி விரலாலேயே தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டாள்.

நான் அமெரிக்காவில் கென்டக்கி மலையில் இருக்கிற இந்தச் சின்னக் கோர்ட்டில் கதவு காக்கிறவன். யார் அழுதாலும் 'அமைதி, அமைதி' என்று கத்துவதற்குச் சம்பளம். வெர்னாவை நன்றாகத் தெரியும். பெற்றோரிடமிருந்து அரசாங்கம் பிரித்தெடுக்கிற குழந்தைகளை வாங்கி வளர்க்கிற லைசென்ஸ்காரி. இந்த ஊர்ப் பொடிசுகளில் பாதி அவள் இடுப்பில் உட்கார்ந்து வந்ததுதான். ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா!

ஆனால் இந்தக் குழந்தை ஹேஸலை மட்டும் அவள் திருப்பித் தர மாட்டாள், தத்தெடுத்துக்கொள்வாள் என்று ஊரே பேசியது. 'அமுக்கப் பார்க்கிறாயா கிழவி' என்று நானும் மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

மிஸ்டியின் கதை எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உள்ளதுதான். முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. வயிற்றிலிருந்த ஹேஸலுக்கும் அது பழகிவிட்டது. பிறந்ததும் அது கிடைக்காமல் உடம்பெல்லாம் நடுங்கி, கீச்சுக் குரலில் ஓயாமல் கத்தியது பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்தே நேராக வெர்னா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இப்போது மிஸ்டி ஒழுங்காகச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறாள். பிள்ளை திரும்பக் கிடைக்குமா, ஒரேயடியாகக் கையை விட்டுப் போகுமா என்பது இன்றைக்கு முடிவாகும்.

அவளுக்கு வாதாட வந்தவர் இலவச சட்ட உதவி வக்கீல் ஸ்டம்போ. டையில் காலைச் சாப்பாட்டின் கிரேவிக் கறை.

"தினமும் காலையில கிளினிக் வரிசையில நின்னு மருந்து குடிக்கணும்னு ஒரு உத்தரவு, நீதிபதியம்மா. வாராவாரம் மலைக்கு அந்தப் பக்கம் அரசு ஆபீசுக்கு வந்து குழந்தையைப் பார்க்கணும்னு இன்னொரு உத்தரவு. அதுவும் அதே காலை நேரம். என் கட்சிக்காரிக்குக் கார் கிடையாது. இறக்கையும் கிடையாது."

"எந்தப் புத்திசாலி போட்ட உத்தரவு அது?"

"ரெண்டுமே நீங்க போட்டதுதான்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருமிச் சமாளித்தேன்.

அரசு வக்கீல் கிரேடி எழுந்தான். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாத ஆசாமி. மிஸ்டியைச் சத்தியம் பண்ண வைத்துச் சாட்சி நாற்காலியில் உட்கார வைத்தான்.

"உத்தரவு கிடக்கட்டும். இந்த மூணு மாசத்துல உன் குழந்தையை ஒரு தடவையாவது பார்த்தியா?"

மிஸ்டி தரையைப் பார்த்தாள். "இல்லீங்க."

"வேற எங்கேயாவது? யார் மூலமாவது?"

"இல்லீங்க."

"தூக்கினது? பால் கொடுத்தது?"

"எதுவுமே இல்லீங்க."

ஸ்டம்போ தலையில் கையை வைத்துக்கொண்டார். எனக்கே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்காத இவளுக்கு எதற்கு வக்கீல், எதற்கு வாதம்?

"இந்தப் பிள்ளைக்கு இவ யாரோ, நீதிபதியம்மா. இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல" என்றான் கிரேடி.

நீதிபதி பேனாவை எடுத்தார்.

"பொய்!"

பின் வரிசையில் வெர்னா எழுந்து நின்றிருந்தாள். தோளில் இருந்த குழந்தை வீறிட்டது.

"சத்தியம் பண்ணிட்டுப் பச்சைப் பொய் சொல்றா! நம்பாதீங்க!"

"வேணாம் வெர்னாம்மா, உக்காருங்க!" மிஸ்டி கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள்.

"அமைதி, அமைதி!" என்று நான் ஓடினேன்.

கிரேடிக்கு வாயெல்லாம் பல். "இருப்பா, அவங்க பேசட்டும். வளர்ப்புத் தாய் வாயாலேயே வரட்டும். சொல்லுங்கம்மா, என்ன பொய் சொன்னா?"

"பிள்ளையைப் பார்க்கவே இல்லைன்னாளே, அதுதான் பொய். சாயங்காலம் ஆனா இவ என் அடுப்படியிலதான் கிடப்பா. நானே வண்டியை எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வருவேன். இது நடுங்கி நடுங்கிக் கத்துனப்ப, விளக்கை அணைச்சுட்டு நெஞ்சோட சேர்த்துத் தூங்க வச்சவ இவதான். என்கிட்டகூட இது அடங்காது, இவகிட்டதான் அடங்கும்."

கிரேடியின் சிரிப்பு நின்றது.

"ஆபீசர் இல்லாம ரெண்டு பேரையும் சேர விட்டீங்களா? அது உத்தரவை மீறின குத்தம். உங்க லைசென்ஸ் இன்னிக்கே போயிடும். இனிமே ஒரு குழந்தைகூட உங்க வீட்டுப் படி ஏறாது. தெரியுமா உங்களுக்கு?"

"நல்லாவே தெரியும்" என்றாள் வெர்னா. "அந்தக் கழுதைக்கும் தெரியும். அதனாலதான் தன் பிள்ளையே போனாலும் போகட்டும்னு என்னைக் காட்டிக் கொடுக்காம உக்காந்திருக்கா!"