மூச்சு வகுப்பு

மனிதகுலத்துக்கு மூச்சுவிடக் கற்றுத்தரத் தேவையில்லை என்று கண்டுபிடித்த முதல் நுரையீரல் மருத்துவர் அவர்தான். ஆஸ்துமாக்காரர்களுக்கு இன்ஹேலர் பிடிக்கச் சொல்லித்தந்த வகுப்பை அன்று காலைதான் இழுத்து மூடினார்.

“மருந்து என்னுது, மூச்சு அவங்களுது. நடுவுல வாத்தியார் எதுக்கு?” என்றார் நர்சுகளிடம்.

ஒரே ஒருத்தி மட்டும் தேறவில்லை. மருந்தின் வீரியத்தைக் கூட்டக் கூட்ட, அவள் நெஞ்சுக்குள் விசில் உரத்துக்கொண்டே போனது. இதற்குமேல் கூட்ட மருந்தில்லை. சாயங்காலம் அவள் கட்டிலருகே போய் நின்றார்.

“மருந்தை ஒழுங்கா எடுக்கிறியா?”

“பின்னே?”

இன்ஹேலரை நன்றாகக் குலுக்கினாள். தலையணையின் நான்கு மூலையிலும் அடித்தாள்.

“படுத்தாத்தானே மூச்சு முட்டுது. அதான், படுக்கிற இடத்துலயே அடிச்சு வச்சுடறேன்.”

டாக்டர் கேட்டார்: “இப்படி யார் சொல்லித்தந்தா?”

“யாரு சொல்லித்தந்தா? சீட்டை எழுதி நீட்டிட்டு, நீங்கதான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டீங்களே,” என்றாள் மனைவி.

சொல்லி முடிப்பதற்குள் இளைத்தது. உதட்டோரம் லேசாக நீலம் பாரித்திருந்தது.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“முதல்ல மூச்சை முழுசா வெளிய விடும்மா,” என்றார் மெதுவாக.