மாதா கேட்ட கேள்வி

அருள்பிரகாசத்துக்கு மாதா காட்சி கொடுத்துவிட்டார் என்று லைன் வீடு முழுக்க ஒரே பேச்சு.

இக்னேஷியஸுக்கு வயிறு எரிந்தது.

அருள்பிரகாசம் பக்கத்து அறையில் இருக்கும் தனிக்கட்டை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே ஒழுங்காக வரமாட்டான். அவன் இப்போது பாயில் மல்லாந்து கிடந்து, கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ராயபுரத்துப் பெண்களில் பாதிப் பேர் அவனைச் சுற்றி முட்டி போட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஓடெல்லாம் கடலாட்டம் அசைஞ்சிகினு கீதுப்பா. அதுலேர்ந்து மாதா எறங்கி வந்தாங்க. குனிஞ்சி, சாப்ட்டியான்னு கேட்டாங்க."

மாதா சாப்பிட்டாயா என்று கேட்டாராம்! முட்டி போட்டிருந்த பெண்களில் வியாகுலம்மாள் அழுதேவிட்டாள்.

யுத்தத்தில் குண்டு விழும் என்று பட்டணமே காலி செய்துகொண்டு ஓடியபோது, கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற இங்கேயே கிடந்தவன் இக்னேஷியஸ். திருநாளுக்குத் திருநாள் சப்பரம் தூக்கித் தோள் காய்த்துப் போனவன். அவனை ஒரு நாளாவது சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாரா மாதா?

இத்தனைக்கும் இன்று மத்தியானம் இரண்டு பேரும் தின்றது ஒரே சட்டிக் குழம்பு. இக்னேஷியஸின் மனைவி ரோஸ்மேரி வைத்த மடவை மீன் குழம்பு. பொங்கிப் போட ஆளில்லாதவன், பாவம், ஒரு கிண்ணம் கொடு என்று ஞாயிறுதோறும் சொல்லி அனுப்புவதும் இக்னேஷியஸ்தான்.

அதிலும் இக்னேஷியஸின் தட்டுக்கு எப்போதும் வரும் மீன் தலை இன்று வரவில்லை. பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றாள் ரோஸ்மேரி. ஆத்திரத்தில் அவன் பூனையை விறகுக் கட்டையால் ஒரு போடு போட்டிருந்தான்.

தலையைப் பூனை கொண்டுபோனது. மாதாவை அருள்பிரகாசம் கொண்டுபோய்விட்டான்.

பங்குச் சாமியார் வந்து பார்த்து, அற்புதம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. அதற்குள் டாக்டரைக் கூட்டிவர இக்னேஷியஸே ஓடினான். சாராயமோ கஞ்சாவோ, உண்மை வெளியே வரட்டும்.

டாக்டர் நாடி பிடித்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்று விசாரித்தார். பிறகு சிரித்தார்.

"மாதாவும் இல்ல, சாராயமும் இல்ல. மடவை மீன்ல எப்பவாவது இப்படி ஆகும். சதையில ஒண்ணுமில்ல, விஷம் தலையிலதான். தலை தின்னவனுக்கு இல்லாததெல்லாம் தெரியும். நாளைக்குச் சரியாப் போயிடும்."

ஜெபமாலைகள் நின்றன. யாரோ மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்கள். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள்.

ஜெயித்தது இக்னேஷியஸ்தான். ஆனால் அவன் கண்கள் ரோஸ்மேரியைத் தேடின.

ரோஸ்மேரி மூலையில் கிடந்த கிண்ணத்தை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவன் பக்கம் திரும்பவில்லை. வாசலில் பூனை பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்து போனது.

மாதாவாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவனுக்கு.

தீப்பெட்டியைத் தேடி எடுத்தான். அணைந்த மெழுகுவர்த்தியைத் திரும்பக் கொளுத்தினான்.

"மாதாதாம்பா வந்தாங்க" என்றான், போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சத்தமாக. "டாக்டருக்கு இன்னா தெரியும்?"