இரண்டு நட்டு

"ரெண்டே ரெண்டு நட்டு. அத்த மட்டும் தளர்த்தி வுட்டுடு. மீதிய அந்தக் காலாப்பட்டு எறக்கம் பாத்துக்கும்."

கன்னியம்மாள் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. அவள் புருஷன் பாவாடை காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. உப்பளத்துப் பட்டறையில் குந்திக்கொண்டு, யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த ஒரு பட்டாள மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

வண்டி கலால் அதிகாரி சக்கரபாணியுடையது. பிரெஞ்சுக்காரன் கப்பலேறி நாலு வருஷம் ஆகியும் அவருடைய மிடுக்கு மட்டும் குறையவில்லை. "ஹேண்டில் ஆடுது, அத்தப் பாரு. லொடலொடன்னு வர்ற சத்தம் கெடக்கட்டும், எனக்குப் பழகிப்போச்சு" என்று காலையில் விட்டுவிட்டுப் போனவர், பாவாடையின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

கன்னியம்மாளின் ஒரே தம்பி வடிவேல். மில்லில் வேலை. ராஜாங்கம் காய்ச்சி விற்ற கள்ளச் சாராயத்தைக் குடித்துவிட்டு, மறுநாள் "அக்கா, கண்ணு தெரியலியே" என்று கத்திக் கத்தியே செத்துப்போனான். இருபத்து மூன்று வயசு.

ராஜாங்கம் இன்னமும் காலாப்பட்டு முந்திரித் தோப்பில் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தான். சக்கரபாணி ஆறு தடவை சோதனைக்குப் போனார். ஆறு தடவையும் அங்கே அகப்பட்டது சூடு ஆறாத அடுப்பு மட்டும்தான்.

"நீங்க வர்றது அவனுக்கு எப்படிங்கய்யா முன்னாடியே தெரியுது?" என்று பாவாடை ஒருநாள் மார்க்கெட் வாசலில் கேட்டேவிட்டான். பதில் கன்னத்தில் விழுந்தது. மீன் வாங்க வந்த கூட்டமெல்லாம் கூடையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது.

"உன்ன அறைஞ்ச கைதான் அவங்கிட்ட மாமூல் வாங்குது. இவரே ஆள் அனுப்பிச் சொல்லிட்டு, அப்புறமா சோதனைன்னு கெளம்புறாரு. ஊருக்கே தெரியுது, உனக்குத்தான் தெரியல" என்றாள் கன்னியம்மாள். வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள். "மாமா மாமான்னு உன் காலையே சுத்திக்கினு இருந்தானே... அவனுக்காகக் கூட உன் கை வராதா?"

பாவாடை முதல் தடவையாக நிமிர்ந்தான். "வரும். இன்னியோட அவன் கதை முடிஞ்சுது. நீ போயி மண்ணெண்ணெய எடுத்தா."

கன்னியம்மாளுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியில் இருந்த திருகைக் கழற்றியதும், தண்ணீரும் எண்ணெயுமாகக் கறுப்பாக வடிந்தது. ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் பிரித்து எடுத்தான். உள்ளே குழாயைப் பிடிக்கும் வளையமான புஷ் தேய்ந்து கிடந்ததால், குழாய் அதற்குள் லொடலொடவென்று ஆடியது.

அவன் செய்த அடுத்த காரியம்தான் கன்னியம்மாளுக்குப் புரியவில்லை. வேகாத வெயிலில் கடைசல் பட்டறைக்கு நடந்துபோய் வெண்கலத்தில் புதுப் புஷ் கடைந்து வந்தான். அரத்தால் ராவி, குழாய் ஆடாமல் வழுக்கிக்கொண்டு போகிறவரை போட்டுப் போட்டுப் பார்த்தான். ஸ்பிரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தான். இரண்டு காலிலும் ஒரே அளவாகப் புது எண்ணெய் ஊற்றினான்.

சாகப்போகிறவனுக்கு எதற்கு இத்தனை உபசாரம்? சரி, நட்டு விஷயத்தைக் கடைசியில் கவனிப்பான் போலிருக்கிறது என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கடைசியில் பாவாடை ஸ்பானரை எடுத்தான். ஒரு நட்டு விடாமல் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு முறுக்கினான். போதாதென்று எல்லாவற்றையும் இன்னொரு சுற்று முறுக்கினான்.

"தூ! அறைஞ்ச கைக்கே அடிமை வேல செய்யறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அழுகை பீறிட்டது.

"அப்புறமா அழுவலாம். தெருமுனைக்குப் போயி நின்னு காதக் குடு."

என்ன ஏதென்று புரியாமல் போய் நின்றாள். பாவாடை இஞ்சினைக் கிளப்பவில்லை. வண்டியில் உட்கார்ந்து, காலால் உந்தி உந்தி, சாக்கடைமேல் போட்டிருந்த கருங்கல் பலகைமேல் நாலு தடவை ஏற்றி இறக்கினான்.

"இன்னா கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல. உன் மானம் போன சத்தம் கூடக் கேக்கல!"

பாவாடை சிரித்தான். வடிவேல் போன பிறகு அவன் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரிச்சலைத்தான் கிளப்பியது.

பொழுது சாய்கிற நேரத்தில் சக்கரபாணி வந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து முன்பக்கத்தை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். "பரவால்லியே" என்றார். கன்னியம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவரைச் சபித்துக்கொண்டிருந்தாள்.

பாவாடை ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். "ஐயா காலாப்பட்டுப் பக்கம் போறீங்களா?"

சக்கரபாணியின் முகம் கறுத்தது. "மறுபடியும் ஆரம்பிக்கிறியா? நான் அவங்கிட்ட ஒரு காசு வாங்கினேன்னு எவனாவது நிரூபிக்கட்டும், இந்த வேலையே வாணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்!"

"அது இல்லீங்கய்யா. தோப்புக்குப் போறப்ப மேட்டுலயே இஞ்சினை நிறுத்திட்டு, எறக்கத்துல வண்டிய உருட்டிக்கினுதான போவீங்க?"

"ஆமா. எப்பவும் அப்படித்தான். அதுக்கின்னா இப்ப?"

பாவாடை ஹேண்டிலை விட்டான்.

"இன்னிக்கும் அப்படியே போங்க. இந்தத் தடவ நீங்க வர்றது ராஜாங்கத்துக்குக் கேக்காது."